தோள் கொடுத்தவர்களின் கூலி

1893 செப்டம்பர் 7ஆம் தேதி இரவு, வட இங்கிலாந்தின் ஃபெதர்ஸ்டன் என்ற நிலக்கரி ஊரில் ராணுவம் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சுரங்க முதலாளிகள் கூலியில் கால் பங்கைக் குறைக்கப் பார்த்தார்கள்; தொழிலாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை; சுரங்கக் கதவுகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஆக்டன் ஹால் சுரங்கத்தில் திரண்ட கூட்டத்தின் மேல் பாய்ந்த குண்டுகளுக்கு ஜேம்ஸ் கிப்ஸ், ஜேம்ஸ் டக்கன் என்ற இருவர் பலியானார்கள்.

பதின்மூன்று நாள் கழித்து, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேலஸ் ஹோட்டலில் ரக்பி யூனியனின் பொதுக்கூட்டம் நடந்தது. யார்க்ஷயர் கிளப்களின் சார்பில் ஜேம்ஸ் மில்லர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாத தொழிலாளிக்கு அன்று போன கூலியைக் கிளப் கொடுக்கலாம் என்பதுதான் தீர்மானம். சம்பளம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆதரவாக 136 ஓட்டு, எதிராக 282.

தொழிற்சங்க வரலாற்றை எழுதுபவர்கள் முதல் சம்பவத்தோடு நின்றுவிடுகிறார்கள். விளையாட்டு வரலாற்றை எழுதுபவர்கள் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே மனிதர்களைப் பற்றியவை. ஆக்டன் ஹால் சுரங்கத்தின் உரிமையாளர் மாஷம் பிரபு. பிராட்ஃபர்டில் மானிங்ஹாம் ஆலையும் அவருடையதுதான். 1890-91 குளிர்காலத்தில் அந்த ஆலையில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தின் தொடர்ச்சியாகத்தான் 1893இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சி பிராட்ஃபர்டில் பிறந்தது. அதே மானிங்ஹாம் பகுதியின் ரக்பி அணிதான், பிரிந்துபோன வடக்கத்தியர்களின் முதல் லீக் பட்டத்தை வென்றது. ரக்பி லீக் என்ற ஆட்டத்தின் முன்வரிசை ஆட்டக்காரர், அதாவது ஃபார்வர்ட், இந்த ஆலைகளிலிருந்தும் சுரங்கங்களிலிருந்தும் வந்தவர்.

சனிக்கிழமைதான் சிக்கலின் வேர். ஆலைகளில் அன்று மதியத்தோடு வேலை முடியும். சுரங்கத்திலும் காலை ஷிஃப்ட் உண்டு. உள்ளூர் ஆட்டம் என்றால் கரியைக் கழுவிவிட்டு ஓடி வரலாம். ஹல்லிலிருந்து விகனுக்கோ, விட்னஸிலிருந்து ஹாலிஃபாக்ஸுக்கோ போக வேண்டுமென்றால் காலை ரயிலைப் பிடித்தாக வேண்டும். அரை நாள் கூலி போய்விடும். காயம் பட்டால் திங்கட்கிழமையும் போகும், சில நேரம் மாதமே போகும். வழக்கறிஞரின் மகனுக்கு இது பொருட்டல்ல. கரி வெட்டுபவருக்கு அந்த வார அடுப்பே அதை நம்பித்தான் எரியும். அணியில் அதிகம் அடிபடுகிறவர்களும் முன்வரிசைக்காரர்கள்தான் என்பதால், இழப்பீட்டுக் கேள்வி மற்றவர்களைவிட அவர்களைத்தான் அதிகம் சுட்டது.

1895 ஆகஸ்ட் 29 மாலை, ஹடர்ஸ்ஃபீல்ட் ரயில் நிலையத்தை அடுத்திருக்கும் ஜார்ஜ் ஹோட்டலில் யார்க்ஷயர், லங்காஷயர் கிளப்களின் பிரதிநிதிகள் கூடி, யூனியனை விட்டு விலகி ‘நார்தர்ன் யூனியன்’ தொடங்கினார்கள்; ரக்பி லீக் ஆட்டம் இதிலிருந்துதான் பிறந்தது. முதல் பருவத்தில் 22 கிளப்கள். போன கூலிக்கு ஈடாக ஒரு நாளைக்கு அதிகபட்சம் 6 ஷில்லிங் என்று வைத்தார்கள். மூன்று வருடத்தில் வெளிப்படையான சம்பளமும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் அதில் ஒரு கடிவாளம் இருந்தது: ஆட்டக்காரர் வேறொரு ஒழுங்கான வேலையில் இருந்தாக வேண்டும். பில்லியர்ட்ஸ் கூடத்தில் கணக்கு வைப்பதும் மதுக்கடையில் பரிமாறுவதும் ஒழுங்கான வேலையாகக் கணக்கில் வராது. வேலையை விட்டால் ஆட்டமும் போச்சு. கலகம் செய்து வெளியே வந்தவர்களுக்குள்ளேயே, தொழிலாளி கையில் காசும் ஓய்வும் சேர்ந்தால் கெட்டுப்போவான் என்ற மேட்டுக்குடிப் பயம் ஒட்டிக்கொண்டிருந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 1905இல்தான் அந்த விதி ஒழிந்தது.

பார்வையாளர் தரும் காசில் ஓட வேண்டிய ஆட்டம் என்றானபோது, ஆட்டமும் மாறியது. பந்து எங்கே இருக்கிறது என்றே தெரியாத நெரிசல்களைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கமாட்டார்கள். 1897இல், வெளியே போன பந்தை இரு வரிசைகளுக்கு நடுவில் வீசித் தொடங்கும் லைன்-அவுட்டை எடுத்தார்கள். 1906இல் 15 பேர் அணியை 13 ஆக்கினார்கள். கழிக்கப்பட்ட இருவரும் ஃபார்வர்ட்கள். எட்டுப் பேராக இருந்த முன்வரிசை ஆறு பேரானது: இரண்டு ப்ராப், நடுவில் ஹூக்கர், பின்னால் இரண்டாம் வரிசையில் இருவர், கடைசியாக லூஸ் ஃபார்வர்ட். அதே வருடம் வந்த இன்னொரு விதிதான் இந்த ஆறு பேரின் தலையெழுத்தை எழுதியது. பிடிபட்டவர் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்குத் தள்ளி, ஆட்டத்தைத் தொடரலாம். கபடியில் பாடிப் போனவரை மடக்கிவிட்டால் அவர் கதை முடிந்தது. இங்கே மடக்கப்பட்டவர் எழுந்து மறுபடி தொடங்குவார், அடுத்தவர் பந்தோடு அதே சுவரில் போய் மோதுவார். அந்த மோதலே ஃபார்வர்டின் அன்றாட வேலையாயிற்று.

கடல் கடந்தும் இதே கதைதான். சிட்னியில் முடிதிருத்தும் தொழில் செய்த அலெக்ஸ் பர்டன், க்ளீப் அணியின் ஃபார்வர்ட். 1907இல் நியூ சவுத் வேல்ஸ் அணிக்கு ஆடும்போது அவர் கை முறிந்தது. கை இல்லாமல் கத்தரி பிடிக்க முடியுமா? வேலையும் இல்லை, யூனியனிடமிருந்து இழப்பீடும் இல்லை. இந்த அநியாயம் நகரத்தின் பேச்சாக இருந்தபோது, மார்க்கெட் தெருவில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் ரகசியக் கூட்டங்கள் நடந்தன. கடைக்காரர் வேறு யாருமில்லை, கிரிக்கெட் மேதை விக்டர் ட்ரம்பர். அவரும் ஜேம்ஸ் கில்டினனும் அரசியல்வாதி ஹென்றி ஹோய்லும் சேர்ந்து அந்த ஆகஸ்டில் நியூ சவுத் வேல்ஸ் ரக்பி லீகைத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலிய ரக்பி லீகின் பிறப்புக்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு முடிதிருத்துநரின் உடைந்த கையை அவற்றில் முதலாவதாக வைப்பதே நியாயம்.

அடுத்த அரை நூற்றாண்டில் ஃபார்வர்டின் வாழ்க்கை அதிகம் மாறவில்லை. வாரத்தில் ஐந்து நாள் வேலை. செவ்வாய், வியாழன் மாலையில் பயிற்சி. வார இறுதியில் ஆட்டம். ஒப்பந்தக் கையெழுத்துக்கு ஒரு தொகை, பிறகு ஆட்டத்துக்கு ஆட்டம் காசு: வென்றால் ஒரு கணக்கு, தோற்றால் அதைவிடக் குறைவு. கூட்டம் மட்டும் பெருகியது. 1954இல் வாரிங்டனும் ஹாலிஃபாக்ஸும் மோதிய சாலஞ்ச் கோப்பை மறு இறுதியாட்டத்துக்கு பிராட்ஃபர்ட் ஓட்ஸல் மைதானத்தில் டிக்கெட் வாங்கி நுழைந்தவர்கள் 1,02,569 பேர். களத்தில் இறங்கிய 26 பேரில் பெரும்பாலோர் அந்த வாரமும் வேலைக்குப் போனவர்கள்.

அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது. அதன் பொருள் என்னவென்று முழுமையாகப் புரிய 1958 ஜூலை 5க்கு, பிரிஸ்பேனுக்குப் போக வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான இரண்டாவது டெஸ்ட். முதல் டெஸ்டில் தோற்றிருந்த பிரிட்டன் அணியின் தலைவர் ஆலன் பிரெஸ்காட், செயின்ட் ஹெலன்ஸ் கிளப்பின் ப்ராப். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே அவருடைய வலது கை முறிந்தது. அவர் வெளியேறினால் அணி 12 பேராகும். டேவ் போல்டனின் காறை எலும்பு முறிந்து, அவர் உண்மையிலேயே வெளியேறிவிட்டார். இன்னும் சிலர் அடிபட்டு நொண்டிக்கொண்டிருந்தார்கள். லூஸ் ஃபார்வர்ட் வின்ஸ் கராலியஸ் பின்வரிசைக்குப் போய், போல்டன் விட்ட இடத்தில் ஆடினார். அவருக்கும் முதுகில் அடி. இடைவேளையில் மருத்துவர் பிரெஸ்காட்டின் கையைப் பார்த்தார். பிரெஸ்காட் மறுபடியும் களத்துக்கு வந்தார். முறிந்த கை பக்கத்தில் தொங்க, இரு அணி ஃபார்வர்ட்களும் தோள் கோத்துத் தள்ளும் ஸ்க்ரம்முக்குள் தோள் கொடுத்தார், இன்னொரு கையாலும் மார்பாலும் எதிரிகளை மடக்கினார், 80 நிமிடமும் நின்றார். பிரிட்டன் 25-18 என்று வென்றது. மூன்றாவது டெஸ்டையும் வென்று, இரு நாடுகளும் மோதும் டெஸ்ட் தொடருக்கான ஆஷஸ் கோப்பையோடு ஊர் திரும்பியது. அந்த மூன்றாவது ஆட்டத்தில் பிரெஸ்காட்டால் ஆட முடியவில்லை.

வட இங்கிலாந்தில் இன்றும் பெருமையோடு சொல்லப்படும் கதை இது. பெருமைக்கு உரியதும்கூட. ஆனாலும் அதன் இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் விடுவது பிரெஸ்காட்டுக்குச் செய்யும் துரோகம். முறிந்த கையோடு ஆடும் முடிவை எடுத்தது அவர்தான். அந்த முடிவைத் தவிர வேறெதையும் அவருக்கு விட்டுவைக்காதது ஆட்டத்தின் சட்டம். காயம்பட்டவருக்குப் பதில் வேறொருவர் இறங்கலாம் என்று அந்தச் சட்டம் இளக 1960கள் வரை ஆயிற்று.

அதே 1950களில் லீட்ஸ் நகரத்தில் இரண்டு ஃபார்வர்ட்கள் ரக்பியின் காசை வைத்துப் புத்தகத்துக்கு வழி தேடினார்கள். ஒருவர் டேவிட் ஸ்டோரி, வேக்ஃபீல்டில் சுரங்கத் தொழிலாளியின் மகன். பதினெட்டு வயதில் லீட்ஸ் கிளப்பில் கையெழுத்திட்டு, லண்டன் ஸ்லேட் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்துக்கொண்டே, வார இறுதியில் வடக்கே ரயிலேறி லீட்ஸின் இரண்டாம் அணிக்கு ஆடினார். கல்லூரியில் அவர் முரட்டு ஆள், உடைமாற்றும் அறையில் ஓவியக்காரர். இரண்டு இடத்திலும் அந்நியர். அந்த அனுபவத்திலிருந்து 1960இல் வந்த நாவல்தான் ‘திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்’. லிண்ட்ஸே ஆண்டர்சன் அதை 1963இல் படமாக்கியபோது வேக்ஃபீல்ட் மைதானத்திலேயே காட்சிகளை எடுத்தார். கிளப் முதலாளிகள் ஒரு ஃபார்வர்டை வாங்குவதையும் பயன்படுத்துவதையும் இவ்வளவு நேராகப் பார்த்த கதை அதற்குமுன் இல்லை.

மற்றவர் செக் தாம்சன். தந்தை டிரினிடாட்டிலிருந்து வந்தவர், மகன் பிறக்குமுன்பே இறந்துவிட்டார். பிள்ளை வளர்ந்தது அனாதை விடுதிகளில். சரளமாக எழுதப் படிக்கக்கூடத் தெரியாத நிலையில் 1948இல் லீட்ஸின் ஹன்ஸ்லெட் அணிக்கு வந்து இரண்டாம் வரிசையில் ஆடினார். மூன்றே வருடத்தில் பிரிட்டனுக்காகக் களமிறங்கினார். அந்தச் சட்டையைப் போட்ட கறுப்பின ஆட்டக்காரர்களில் அவர் இரண்டாமவர். பிறகு வொர்க்கிங்டன் அணிக்குப் போய், அங்கே ஜன்னல் துடைக்கும் தொழில் ஒன்றை நடத்தினார். ஆட்டத்திலிருந்து விலகியபின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் பெற்று ஆசிரியரானார். மாணவர்களுக்கு ரக்பி லீக் அணி பிறக்கவும் துணை நின்றார். ஆட்டம் அவருக்குக் கொடுத்தது கொஞ்சம். அதை வைத்துக்கொண்டு அவர் கட்டியது அதிகம்.

பிடிபட்டவர் எழுந்து தொடரலாம் என்ற 1906ஆம் ஆண்டு விதிக்கு எல்லையே இல்லாதிருந்தது. வலிமையான ஆறு பேர் இருந்தால் பந்தை விடாமல் அரைமணி நேரம்கூட வைத்துக்கொள்ளலாம். சிட்னியின் செயின்ட் ஜார்ஜ் அணி 1956 முதல் 1966 வரை தொடர்ந்து 11 பட்டம் வென்றது இந்தக் காலத்தில்தான். அதன் இரண்டாம் வரிசைக்காரர் நார்ம் ப்ரோவன் 10 இறுதியாட்டங்களில் ஆடினார், பத்தும் வெற்றி. 1963 இறுதியாட்டம் முடிந்ததும், ஆறடிக்கு மேல் வளர்ந்த அவரும் எதிரணித் தலைவரான குட்டையான ஆர்தர் சம்மன்ஸும் தலை முதல் கால் வரை சேற்றில் குளித்தபடி கட்டித்தழுவிய புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. இன்று ஆஸ்திரேலிய சாம்பியனுக்குக் கொடுக்கும் கோப்பை அந்தப் படத்தின் சிலை வடிவம். பந்தைப் பூட்டி வைக்கும் ஆட்டம் சலித்துப்போனதால், 1966இல் இங்கிலாந்தும் அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவும் அதை நான்கு டேக்கிளோடு, அதாவது நான்கு முறை பிடிபடுவதோடு, நிறுத்தின. 1970களின் தொடக்கத்தில் அது ஆறாயிற்று.

இனி வெறும் பலம் போதாது. நான்கோ ஆறோ வாய்ப்புக்குள் எதிரணிச் சுவரை உடைக்க வேண்டும். அந்தக் கலையின் மன்னன் ஆர்தர் பீட்சன்.

குயின்ஸ்லாந்தின் ரோமா என்ற சிற்றூரில் 1945இல் பிறந்தவர். தாய் ஆஸ்திரேலியப் பழங்குடி. 1966இல், சிட்னியின் பால்மேன் அணிக்கு வந்த முதல் வருடமே, ஆஸ்திரேலியாவுக்காக ஆடினார். அப்போது அந்நாட்டு அரசியலமைப்பில் பழங்குடி மக்களை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற விதி உயிரோடு இருந்தது. 1967 பொதுவாக்கெடுப்பில்தான் அது நீக்கப்பட்டது. பீட்சன் பெருத்த உடம்புக்காரர், சாப்பாட்டுப் பிரியர். சோம்பேறி என்ற பேச்சும் அவரைத் துரத்தியது. ஆனால் அவர் கையில் பந்து வந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்துதான் அவரைப் பிடிக்க வேண்டும். அந்த மூன்று பேரும் தன்மேல் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கையை விடுவித்து, ஓடிவரும் தோழனிடம் பந்தைத் தள்ளிவிடுவார். எதிரே காவல் இருக்காது. 1973இல் பிரான்சுக்கு எதிரான டெஸ்டில் நாட்டின் தலைவரானார். எந்த விளையாட்டிலும் ஆஸ்திரேலிய தேசிய அணியை வழிநடத்திய முதல் பழங்குடியர் அவர். ஜாக் கிப்சன் பயிற்சியளித்த ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணிக்குத் தலைவராக 1974, 1975 பட்டங்களையும் வென்றார்.

ஆனால் 1980 வரை குயின்ஸ்லாந்து மாநிலத்துக்காக அவர் ஆடியதே இல்லை. காரணம் சூதாட்ட இயந்திரங்கள். நியூ சவுத் வேல்ஸில் 1956 முதல் கிளப்களில் அந்த இயந்திரங்களுக்குச் சட்ட அனுமதி இருந்தது, குயின்ஸ்லாந்தில் இல்லை. சிட்னி கிளப்கள் அந்தப் பணத்தால் வடக்கின் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வாங்கின. எந்த மாநிலத்தில் ஆடுகிறாரோ அதற்கே அவர் சொந்தம் என்பது விதியாதலால், குயின்ஸ்லாந்து தன் பிள்ளைகளாலேயே வருடாவருடம் தோற்றது. 1980 ஜூலை 8 அன்று, முதலில் ஆடத் தொடங்கிய மாநிலத்துக்கே ஆடலாம் என்று சோதனையாக ஒரு ஆட்டம் வைத்தார்கள். 35 வயதில், பாரமட்டா கிளப்பின் இரண்டாம் அணியில் ஆடிக்கொண்டிருந்த பீட்சன், பிரிஸ்பேன் லாங் பார்க்கில் குயின்ஸ்லாந்துத் தலைவராக இறங்கினார். இது சும்மா காட்சி ஆட்டம் என்று எழுதியவர்களுக்கு, தன் கிளப் தோழர் மிக் க்ரோனினோடு அவர் முழு வேகத்தில் மோதியபோதே பதில் கிடைத்தது. குயின்ஸ்லாந்து 20-10. ‘ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்’ இன்று அந்நாட்டின் மிகப் பெரிய விளையாட்டு நிகழ்ச்சிகளில் ஒன்று. 2011இல் பீட்சன் இறந்தபோது இறுதி மரியாதை அதே மைதானத்தில் நடந்தது.

இங்கிலாந்தில் இதற்குள் சுரங்கங்கள் தள்ளாடத் தொடங்கின. 1983 சாலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில், யாரும் எதிர்பாராமல், ஃபெதர்ஸ்டன் ரோவர்ஸ் பலம் வாய்ந்த ஹல் அணியை வெம்ப்லியில் 14-12 என்று வீழ்த்தியது. எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தி இரண்டு ட்ரை போட்டு ஆட்டநாயகனானவர் இரண்டாம் வரிசை ஃபார்வர்ட் டேவிட் ஹாப்ஸ். மறு வருடம் பெரும் சுரங்க வேலைநிறுத்தம். அது தோற்றபின், 1985இல், ஆக்டன் ஹால் சுரங்கம் மூடப்பட்டது. ஃபார்வர்ட் வேண்டுமென்றால் சுரங்க வாயிலில் நின்று விசில் அடித்தால் போதும் என்பார்கள் வடக்கே. விசிலுக்குப் பதில் சொல்லச் சுரங்கமே இல்லாமல் போயிற்று.

பிறகு வந்தது தொலைக்காட்சிப் பணம். 1995இல் ரூப்பர்ட் மர்டாக்கின் நிறுவனம் பிரிட்டன் லீகுக்கு ஐந்து வருடத்துக்கு 8.7 கோடி பவுண்ட் கொடுத்தது. 1996 முதல் ஆட்டம் கோடைக்கு மாறியது. முன்னணி ஆட்டக்காரர்கள் மற்ற வேலைகளை விட்டு முழுநேரமாயினர். ஃபெதர்ஸ்டன், காசில்ஃபோர்ட், வேக்ஃபீல்ட் மூன்றையும் ஒரே கிளப்பாக இணைக்கும் திட்டம் மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது; ஆனாலும் புதிய சூப்பர் லீகில் ஃபெதர்ஸ்டனுக்கு இடம் கிடைக்கவில்லை. நூறு வருடம் பிடிவாதம் பிடித்த ரக்பி யூனியனும் அதே 1995 ஆகஸ்டில் சம்பளத்துக்குக் கதவைத் திறந்தது.

முழுநேரத் தொழிலானதும் ஃபார்வர்டின் உடம்பே வேறானது. தடுப்பவர்கள் முன்பு 5 மீட்டர் பின்வாங்கினால் போதும். 1990களில் அது 10 மீட்டர் ஆனது. இரு பக்கமும் அந்த இடைவெளியில் வேகமெடுத்துப் பாய்ந்து மோதுகின்றன. நூறு கிலோவுக்குக் குறைந்த ப்ராப் இன்று அரிது. ஆட்களை மாற்றி மாற்றி இறக்கும் வசதியும் வந்ததால், கனத்த ப்ராப்கள் இருபது இருபத்தைந்து நிமிடம் மோதிவிட்டு ஓய்வெடுத்துத் திரும்பினார்கள். ஆஸ்திரேலியாவில் மாற்றங்களின் எண்ணிக்கை 2001இல் 12, 2008இல் 10, 2016இல் 8 என்று குறைக்கப்பட்டது. ஒரு காலத்தில் தனிக் கலையாக இருந்த ஸ்க்ரம், வெறும் சடங்காகிவிட்டது.

மாறாதது ஒன்று: அடிபட்டும் ஆடுபவரை வீரனாக்கும் வழக்கம். 1970 சிட்னி இறுதியாட்டத்தில் சவுத் சிட்னி தலைவர் ஜான் சாட்லர் தாடை உடைந்தபின் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடிக் கோப்பை வாங்கினார். 2014இல் அதே அணியின் சாம் பர்ஜெஸ், இங்கிலாந்தின் டியூஸ்பரியில் பிறந்தவர், ஆட்டத்தின் முதல் மோதலிலேயே கன்ன எலும்பு உடைந்து, 80 நிமிடமும் ஆடி, ஆட்டநாயகனாகி, 43 வருடம் கழித்து அந்த அணிக்குப் பட்டம் தேடித் தந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்துக் கூட்டம் கண்ணீர் விட்டது. சாட்லரின் கடைசி வருடங்கள் மறதி நோயில் கழிந்தன; 2023இல் இறந்தார்.

2019இல் சிட்னி ஆய்வாளர்கள் முன்னாள் ரக்பி லீக் ஆட்டக்காரர்கள் இருவரின் மூளையில், தலையில் திரும்பத் திரும்ப விழும் அடியால் வரும் சிடிஇ நோயின் தடயங்களைக் கண்டறிந்தார்கள். 2018இல் 59 வயதில் இறந்த காண்டர்பரி ஃபார்வர்ட் ஸ்டீவ் ஃபோக்ஸுக்கும் அந்த நோய் இருந்தது பின்னர் வெளியே வந்தது. பிரிட்டனில் முன்னாள் ஆட்டக்காரர்கள் தங்கள் மூளைக்கு நேர்ந்த சேதத்துக்கு ஆட்ட நிர்வாகமே பொறுப்பு என்று வழக்குத் தொடர்ந்திருக்கிறார்கள். கேட்பது மறுபடியும் இழப்பீடுதான்; இந்த முறை போனது ஒரு நாள் கூலியல்ல.

பெண்களின் முன்வரிசையில் கூலிப் பேச்சு இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பெண்கள் லீக் 2018இல் நான்கு அணிகளோடு தொடங்கியபோது, ப்ராப்களாக ஆடியவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள்; பயிற்சிக்காக ஷிஃப்ட் மாற்றிக் கேட்டவர்கள். 2023இல் ஆட்டக்காரர் சங்கத்தோடு கையெழுத்தான ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் முதன்முறையாகப் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். ஊதியத்தோடு மகப்பேறு விடுப்பும் அதில் இடம்பெற்றது. இங்கிலாந்தில் பெண்கள் அணிகள் ஆட்டத்துக்குப் பணம் தரத் தொடங்கியது அண்மையில்தான். அங்கே முன்வரிசையில் தோள் கொடுக்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு, அந்தப் பணத்தை மட்டும் நம்பி வேலையை விட இன்னும் வழியில்லை.